கல்யாணம் விசாரிக்கிற இத்தா

இத்தாவிடம் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு நிம்மதியாக வீடு திரும்பியவர்கள் எங்கள் சந்தில் யாரும் கிடையாது. நாம் மூச்சு வாங்க ஓடிப்போய்ச் சொல்வோம். அவர் கைவேலையை நிறுத்தமாட்டார். மீனின் செதிளைச் சுரண்டிக்கொண்டே, "நீ கண்டியா, கேட்டியா?" என்பார். கேட்டதுதான் என்று ஒப்புக்கொண்டால், "ஆரு சொல்லிக் கேட்டே?" என்பார். அந்த ஆளின் பெயரைச் சொன்னால், "அவங்க கண்டாங்களா, கேட்டாங்களா?" என்று அடுத்தது வரும். மூன்றாவது கேள்விக்குள் யாருக்கும் ஆத்திரம் வந்துவிடும். எனக்கு முதல் கேள்வியிலேயே வந்துவிடும். நான் முன்கோபி, ஊரறிந்த விஷயம்.

கொச்சி மட்டாஞ்சேரியில் பஜார் ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற சந்துகளில் ஒன்று எங்களுடையது. முன்னால் இஞ்சிக் குடோன், பின்னால் பதினாறு வீடுகள். கொங்கணி பேசுகிறவர்கள் உண்டு, குஜராத்தி பேசுகிறவர்கள் உண்டு, மற்றவர்கள் மலையாளம். வீட்டுக்குள் தமிழ் பேசுவது இரண்டே குடும்பம். ஒன்று பாலக்காட்டிலிருந்து வந்த ராவுத்தர் வீடு, அதுதான் இத்தாவுடையது. இன்னொன்று எங்களுடையது. என் தாத்தா காலத்தில் பொள்ளாச்சியிலிருந்து வந்தவர்கள் நாங்கள். நான் படித்ததெல்லாம் மலையாளத்தில். தமிழ் பேசச் சொன்னால் பொழிவேன், படிக்கச் சொன்னால் அந்தக் காலத்தில் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இதை எழுதுகிற அளவுக்குக் கற்றுக்கொண்டது பிற்பாடுதான்.

"இத்தா" என்றால் இந்தப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் அக்கா. என்னைவிட ஒன்பது வயதுதான் மூத்தவர். ஆனாலும் அறுபது வயதுக் குஜராத்திச் சேட்டு முதற்கொண்டு எல்லாருக்கும் அவர் இத்தாதான். மகளோடு இருக்கப்போகிறேன் என்று அவர் சந்தைவிட்டுப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. போனில் அவ்வப்போது பேசுவோம். நான் ஏதாவது சொன்னால் இப்போதும் அதே முதல் கேள்விதான் கேட்பார்.

எங்கள் சந்தில் ஒரு பெண்ணுக்கு வரன் வந்தால், மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்க இத்தாவைத்தான் அனுப்புவார்கள். எந்த மதத்துக்காரர்கள் ஆனாலும் சரி. அவர் தரகர் இல்லை. பஸ் காசுக்கு மேல் ஒரு சாயாகூட வாங்கிக்கொள்ளமாட்டார். குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போவார். ஆனால் மாப்பிள்ளை வீட்டுக்குள் காலெடுத்து வைக்கமாட்டார். அந்தத் தெருவில் இஸ்திரி போடுகிறவர், மீன் கொண்டுவருகிற பெண், எதிர் பஸ் ஸ்டாப்பில் தினமும் நிற்கிறவர்கள், இவர்களிடம்தான் அவருக்குப் பேச்சு. அந்த வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்து காலி பண்ணிப் போனவர்கள் யாராவது உண்டா என்று தேடி, அவர்கள் இப்போது எங்கே இருந்தாலும் அங்கேயும் போய்விடுவார்.

"இப்ப பக்கத்துல இருக்கறவங்ககிட்ட கேட்டு ஒரு பிரயோஜனமும் இல்லடீ. நாளைக்கும் ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்கணும்ல? போனவங்கதான் உள்ளதச் சொல்லுவாங்க" என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

விசாரித்துவிட்டு வந்து உட்காரும்போது அவர் கை மூடியிருக்கும். தன் கண்ணால் பார்த்ததைச் சொன்ன ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு விரல் நீட்டுவார். காதால் கேட்டதைச் சொன்னவர்களுக்கு விரல் கிடையாது. கண்டதாகச் சொன்ன இரண்டு பேர் உண்மையில் ஒரே ஆளிடம் கேட்டவர்கள் என்று தெரியவந்தால், ஏற்கெனவே நீட்டிய விரலையும் மடக்கிக்கொள்வார். ஒருமுறை எதிர்வீட்டுக் கொங்கணிப் பெண்ணுக்கு ஆலுவாவிலிருந்து வரன் வந்தது. எட்டுப் பேர் தங்கமான பையன் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வீட்டில் பாயசத்துக்குப் பால் காயத் தொடங்கிவிட்டது. இத்தா போய்விட்டு வந்து ஒரே ஒரு விரலைக் காட்டினார்.

"எட்டுப் பேரும் அவன் பாங்க்ல கூட இருக்கற ஒரு சேட்டன்கிட்ட கேட்டவங்கதான். அந்தச் சேட்டன் ஒரு ஆளு."

"அப்ப பையன் மோசமா இத்தா?" என்று பெண்ணின் அம்மா கலங்கிப்போய்க் கேட்டார்.

"மோசம்னு நான் சொல்லலையே. தெரியாதுன்னு சொல்றேன். ரெண்டும் வேற."

கல்யாணம் நடந்தது. அவர்கள் இன்றைக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். நான் அதை இத்தாவிடம் குத்திக்காட்டியபோது, "நல்லது, இப்பத் தெரிஞ்சாச்சு" என்றார். தோற்றவர் முகமும் இல்லை, ஜெயித்தவர் முகமும் இல்லை. இப்படி ஒரு மனுஷியோடு சண்டை போடுவதில் ஒரு சுகமும் கிடையாது.

இதனால் அவருக்குச் சந்தில் மரியாதை இருந்தது, ஆனால் விசேஷத்தில் முதல் வரிசையில் உட்காரவைக்கக் கொஞ்சம் பயந்தார்கள். பிறந்த குழந்தையைப் பார்க்க வந்தவர், "அப்படியே அப்பன் மாதிரி" என்று எல்லாரும் கொஞ்சிக்கொண்டிருக்கும்போது, குழந்தையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் பறைய முடியல, ஆறு மாசம் போகட்டும்" என்று சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் மூன்று மாதம் அவரோடு பேசவில்லை.

சந்து முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிரிண்ட், லேமினேஷன், ஆன்லைனில் பாரம் நிரப்புவது எல்லாம் உண்டு. நாள் முழுக்க உட்கார்ந்த இடத்தில் வேலை, கையில் போன். எனக்கு எத்தனை வாட்ஸப் குரூப் என்று எனக்கே தெரியாது. சந்து குரூப், பள்ளிக்கூட அம்மாக்கள் குரூப், வியாபாரிகள் குரூப், பொள்ளாச்சி பாலக்காடு சொந்தக்காரர்கள் குரூப். எதில் எது வந்தாலும் இன்னொன்றில் தட்டிவிடுவேன். சந்தில் எனக்கு "நியூஸ் சேச்சி" என்றே பெயர். அதில் எனக்குப் பெருமைகூட உண்டு, ஏன் பொய் சொல்லவேண்டும்?

ஒரு மழைக்காலத்தில் அக்கரை வைப்பின் தீவுப் படகு ஜெட்டி இடிந்து தண்ணீருக்குள் போய்விட்டதாக ஒரு படம் வந்தது. இத்தாவிடம் காட்டினேன். படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தார், சின்னதாக்கிப் பார்த்தார். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். மத்தியானம் திரும்பி வந்தார், கையில் ஒரு பொட்டலம் சாளை மீன். போர்ட்கொச்சி வரை நடந்து, போட் ஏறி அக்கரை போய், ஜெட்டியில் இறங்கி நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"ஜெட்டி அங்கயேதான் இருக்கு. சாளைதான் விலை ஏறிப்போச்சு" என்றார்.

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஒரு படத்துக்காக அரைநாளைத் தொலைத்து போட் ஏறிய முதல் ஆள் நீங்கள்தான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "நீ அதை எத்தனை பேருக்கு அனுப்புனே? அத்தனை பேருக்கும் ஜெட்டி இருக்குன்னு எழுதிவிடு" என்றார். சரி என்றேன், எழுதவில்லை. தப்பென்று தெரிந்ததை யார் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருப்பது? அதற்குள் வேறு பத்துச் செய்தி வந்துவிட்டது.

இத்தாவின் சொந்தக் கதையை அவர் சொல்லி நான் கேட்டது ஒரே முறை. ரேஷன் கார்டு நகலெடுக்க வந்திருந்தார். கணவர் பெயர் இருக்கிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, நகல் வரும்வரை சும்மா இருக்க முடியாமல் சொன்னதுபோலச் சொன்னார். அத்தா என்றால் அவர்கள் வீட்டில் அப்பா. "என் கல்யாணத்துக்கு நாலு பேர்கிட்ட விசாரிச்சாங்க எங்க அத்தா. நாலு பேரும் நல்லவன்னு சொன்னாங்க. நாலு பேரும் அவரோட மாமாகிட்ட கேட்டவங்க. கல்ஃப்ல வேற குடும்பம் இருக்குன்னு மூணாம் வருஷம்தான் தெரிஞ்சுது." மெஷினிலிருந்து தாள் வந்தது. எடுத்து மடித்து வைத்துக்கொண்டு, "அத்தா ஏமாத்தல. நாலு பேருன்னு நெனச்சாரு, பாவம். ஒரு ஆளுதான்" என்றார். எனக்கு அன்றைக்கு அவர்மேல் ரொம்பப் பிரியம் வந்தது. அவர் கேள்விகள்மேல் இருந்த எரிச்சல் மட்டும் குறையவில்லை.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த மாதத்தில் அந்தச் செய்தி வந்தது.

பள்ளிக்கூட அம்மாக்கள் குரூப்பில், மலையாளத்தில். தமிழ் பேசுகிற பெண்கள் கும்பல் ஒன்று பாத்திரம் விற்பதுபோல் வந்து குழந்தைகளைத் தூக்கிப்போகிறது, இடப்பள்ளியில் நேற்று ஒரு குழந்தையைக் கடைசி நிமிஷத்தில் மீட்டார்கள், எல்லாருக்கும் அனுப்புங்கள் என்று. என் மகளுக்கு அப்போது ஏழு வயது. உடனே பொள்ளாச்சியில் இருக்கிற என் தங்கச்சிக்கு அனுப்ப நினைத்தேன். அவளுக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. அதனால் போனை வாயருகே வைத்து, எல்லாவற்றையும் தமிழில் பேசி அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து, பாலக்காட்டுச் சித்தப்பா மகன் குடும்பக் குரூப்பில் ஒரு நீளமான தமிழ்ச் செய்தியைப் போட்டான். எழுத்துக் கூட்டிப் படிக்கப் படிக்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதே பெண்கள், அதே பாத்திரம், அதே கடைசி நிமிஷம். இரண்டையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு இத்தா வீட்டுக்கு ஓடினேன். இந்தத் தடவை அவர் வாயை அடைத்துவிடலாம் என்றுதான் ஓடினேன்.

"மலையாளத்துலயும் வந்திருக்கு, தமிழ்லயும் வந்திருக்கு இத்தா! இங்கேர்ந்தும் சொல்றாங்க, அங்கேர்ந்தும் சொல்றாங்க. இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?"

"நீ கண்டியா…"

"நான் காணல. என் பிள்ளைய ஆராவது தூக்கிட்டுப் போற அன்னைக்குக் கண்ணால கண்டுட்டு வந்து சொல்றேன். போதுமா?"

அவர் முகம் கொஞ்சம் வாடியது. "தாளை வச்சிட்டுப் போ, எடீ. நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

நாளைக்கு எதற்கு? அன்று சாயங்காலமே மலையாளத்தில் பெரிய எழுத்தில் அடித்து முப்பது நோட்டீஸ் எடுத்தேன். கூலி கிடையாது, என் காகிதம், என் மை. பஜார் ரோடு தொடங்கி, யூதர் தெருவான ஜூ டவுன் திருப்பம் வரை கடைகளிலும் மின்கம்பங்களிலும் ஒட்டினோம். எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். மலையாளத்தில் மட்டும் வந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்போம், சேச்சி தமிழிலும் பார்த்து உறுதி பண்ணிவிட்டாள் என்று ஒருவர் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள், நல்ல மழை பெய்து விட்டிருந்த ஒரு மத்தியானம், சந்து முனையில் சத்தம் கேட்டது. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற பெண் ஒருத்தியைப் பிடித்துவைத்திருந்தார்கள். மாதம் ஒருமுறை வருகிறவர்தான். அவரிடம் நானே எப்போதோ ஒரு இட்லிச் சட்டி வாங்கியிருக்கிறேன், எங்கோ திண்டுக்கல் பக்கம் என்று சொன்ன ஞாபகம். சந்தின் கடைசி வீட்டுச் சிறுமி, ஆறு வயதிருக்கும், தேம்பித்தேம்பி அழுதுகொண்டிருந்தாள். இந்தப் பெண் அவள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாராம். பாத்திர மூட்டை சேற்றில் உருண்டு கிடந்தது. அவருடைய கன்னம் அதற்குள் வீங்கியிருந்தது. அடித்தவனின் இன்னொரு கையில் என் நோட்டீஸ்.

நான் கடையைவிட்டு இறங்கவில்லை. அந்தப் பெண் தமிழில் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே நின்ற நாற்பது பேரில் அது முழுக்கப் புரிந்திருக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். சத்தத்தில் எனக்கும் ஒன்றும் காதில் விழவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இத்தா வந்தார். இவள் நிரபராதி, விடுங்கள் என்று அவர் கத்தியிருந்தால் அவருக்கும் இரண்டு விழுந்திருக்கும். அவர் கத்தவில்லை. அந்தப் பெண்ணை ஒட்டி நின்றுகொண்டு, மாப்பிள்ளை விசாரிக்கிற அதே குரலில் மலையாளத்தில் கேட்டார், "ஆரா கண்டது?"

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நீ கண்டியா, நீ கண்டியா என்று கேட்டார். பெரும்பாலானவர்கள் சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள். மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும், கையைப் பிடித்து நடத்தியதைத் தான் கண்டதாகச் சொன்னாள்.

"சரி. எந்தப் பக்கம் நடந்தாங்க? ரோட்டுப் பக்கமா, சந்துக்குள்ளயா?"

மாடிப் பெண் யோசித்தாள். குடோனில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒரு சேட்டன்தான் பதில் சொன்னார். "சந்துக்குள்ள. குட்டியோட வீட்டுப் பக்கம்."

சத்தம் பாதியாகக் குறைந்தது. யாரோ இழுத்ததில் இத்தாவின் தலைத்துணி தோளில் விழுந்திருந்தது. அதைச் சரிசெய்துகொள்ளக்கூடத் தோன்றாமல், போலீஸ் ஜீப் வரும்வரை அங்கேயே நின்றார். ஸ்டேஷனில் விவரம் கேட்டுவிட்டு அன்று சாயங்காலமே அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை நான் ஷட்டரைத் தூக்கும்போதே இத்தா நின்றுகொண்டிருந்தார். நான் கொடுத்த இரண்டு தாள்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பாலக்காட்டில் தமிழ் படித்தவர், இரண்டையும் சரளமாகப் படிப்பார்.

"வரிக்கு வரி ஒண்ணுதான். ரெண்டு இடத்துல மட்டும் மாறுது. மலையாளத்துல இடப்பள்ளி, தமிழ் பேசுற பொம்பளைங்கன்னு இருக்கு. தமிழ்ல ஜூ டவுன், வெளியூர்ப் பொம்பளைங்கன்னு இருக்கு. ஆரு மாத்துனது?"

மாற்றியது நான்தான். என் தங்கச்சி பிள்ளைகளைத் தெருவில் அவிழ்த்துவிட்டுவிட்டு டிவி பார்க்கிறவள். எங்கேயோ இடப்பள்ளியில் என்றால் ம் கொட்டிவிட்டுப் போவாள். அவள் பயப்படவேண்டும் என்பதற்காக, எங்க வீட்டுக்குப் பக்கத்துல, ஜூ டவுன் கிட்ட என்று பேசியிருந்தேன். தமிழ் பேசுகிற பெண்கள் என்பதையும் அவளிடம் சொல்ல ஒரு மாதிரியாக இருந்ததால், வெளியூர்ப் பெண்கள் என்று ஆக்கியிருந்தேன். அவள் அதை யார் யாருக்கோ அனுப்பி, அதில் யாரோ கேட்டுச் செய்தியை மட்டும் எழுதி, எழுதியது பாலக்காடு போய், என்னிடமே வந்திருக்கிறது.

தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். இத்தா இரண்டு விரலை நீட்டிப் பார்த்துக்கொண்டார். ஒன்றை மடக்கினார். கொஞ்சம் பொறுத்து மற்றதையும் மடக்கினார்.

"உன் வாயிலேர்ந்து போனது ஊரெல்லாம் சுத்திட்டு உனக்கே சாட்சி சொல்ல வந்திருக்கு" என்றார்.

திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும். "அன்னைக்கே தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருக்கலாமே இத்தா!" என்று அவர்மேலேயே பாய்ந்தேன்.

"மறுநாளே இடப்பள்ளி போனேன். மால்ல செக்யூரிட்டிகிட்ட கேட்டேன், ஆட்டோ ஸ்டாண்டுல கேட்டேன். அப்படி ஒண்ணும் நடக்கலன்னு சொன்னாங்க. அங்க நடக்கலன்னு மட்டும்தான் தெரிஞ்சுது. ஜூ டவுன்ல விசாரிச்சு முடிச்சுட்டுச் சொல்லலாம்னு ரெண்டு நாள் தாமசிச்சேன்." தாளின் ஓரத்தை நீவிவிட்டார். "தப்புதான். பாதி தெரிஞ்சப்பவே பாதியச் சொல்லியிருக்கணும். அவ வாங்குன அடியில எனக்கும் ஒரு பங்கு உண்டு."

அவர் தன்னைப் பற்றித் தப்பு என்று சொன்னதை அன்றுதான் கேட்டேன். நான் அழ ஆரம்பித்தேன். அவர் தாள்களை மடித்தார்.

"இன்னும் ஒண்ணு தெரியல. அவ ஏன் அந்தப் பிள்ளை கையப் புடிச்சா?"

"இன்னுமா? அந்தம்மா ஒரு பாவமும் பண்ணலன்னு நேத்தே ஆகிப்போச்சே!"

"ஆரு கண்டா? வீட்டுப் பக்கம் நடந்தான்னு தெரியும். எதுக்குன்னு தெரியாது. நாப்பது பேர் முன்னால நின்னேன், ஒருத்தர்கூட அவகிட்ட அதைக் கேக்கல. நானும் கேக்கல. வா, போய்க் கேப்போம்."

ஸ்டேஷனில் விலாசம் கேட்டுக்கொண்டு போனோம். தோப்பும்படியில் ஒரு ஓட்டுவீட்டின் பின்கட்டு அறையில் அந்தப் பெண் தங்கியிருந்தார். கூடவே இருந்த மற்ற பெண்கள் வியாபாரத்துக்குப் போய்விட்டார்கள். அவர் மட்டும் தரையில் உட்கார்ந்து, நசுங்கிப்போன ஒரு எவர்சில்வர் குடத்துக்குள் கையை விட்டு, மரக்கட்டையால் உள்ளிருந்து தட்டி நேராக்கிக்கொண்டிருந்தார். கன்னம் கறுத்திருந்தது. இத்தாவைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார். நான் வாசற்படியிலேயே சுவரோடு ஒட்டி நின்றுகொண்டேன். என்னை யார் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இத்தா சுற்றி வளைக்கவில்லை. உட்கார்ந்த உடனே கேட்டார்.

"அந்தப் பிள்ளை கைய எதுக்கும்மா புடிச்சே?"

"மழை கொட்டுது தாயி. பள்ளிக்கூட ஆட்டோக்காரன் சந்து முக்குல எறக்கி விட்டுட்டுப் போயிட்டான் போல. அந்தக் குடோன் தாவாரத்துல ஒத்தையா நின்னு முழிச்சுக்கிட்டு இருக்கு. காலம் கெட்டுக் கெடக்கு, பிள்ளை புடிக்கிறவளுக வேற உங்க ஊருல சுத்துறாளுகளாமே? இந்திக்காரிகளோ, யாரோ. எம் மக ஊருலருந்து போன் போட்டு அழுதா, பத்திரமா இரும்மான்னு. இதையும் அனுப்பிவிட்டா. நான் தெனமும் காலையில ஒருக்காக் கேட்டுட்டுத்தான் மூட்டையத் தூக்குறது. இந்தா, நீயும் கேளு."

புடவையில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தார். திரை உடைந்திருந்தது. எதையோ தடவித் தடவித் தேடி, சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

என் குரல். மூச்சு வாங்குகிற, அழப்போகிற என் குரல். எங்க வீட்டுக்குப் பக்கத்துல, ஜூ டவுன் கிட்ட, வெளியூர்ப் பொம்பளைங்க என்று சொல்லிக்கொண்டே போனது. கடைசியில் நான் அடியோடு மறந்துபோயிருந்த ஒன்று வந்தது. என் தங்கச்சிக்குப் புத்தி சொல்வதாக நினைத்து நானாகச் சேர்த்தது. "தனியா நிக்கற பிள்ளையக் கண்டா, ஆரு பிள்ளையா இருந்தாலும் சரி, பாத்துட்டுப் போயிடாதீங்க. கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய் வீட்டுல விட்டுடுங்க."

போன் நின்றது.

"யாரு பெத்த பொண்ணோ, நல்ல மனசு" என்றார் அந்தப் பெண். "அது சொன்னதத்தான் தாயி செஞ்சேன்."

இத்தனை வருஷமாகத் தினமும் கேட்கிற குரல், முதல் சொல்லிலேயே இத்தாவுக்குத் தெரிந்திருக்கும். என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, பக்கத்தில் இழுத்து உட்காரவைக்கவும் இல்லை. குடத்தின் நசுங்கலைத் தடவிப் பார்த்தார்.

வந்ததிலிருந்து நான் வாயைத் திறக்கவில்லை. இப்படியே திரும்பிப் போய்விட்டால் அந்தப் பெண்ணுக்கு என்றைக்கும் தெரியப்போவதில்லை. ஒரு வார்த்தை பேசினால் போதும், தெரிந்துவிடும்.

"அக்கா…" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கையிலிருந்த போனைப் பார்த்தார்.